கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. லெபோ பாசாரில் ஒரு கடையின் பாட்டு அடுத்த கடையின் பாட்டை அமுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து 7 பேர் போயிருந்தோம். நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர், அடுத்த லயத்து அத்தை, அவருடைய மகள், மகளின் கைக்குழந்தை. அத்தை பால்மரம் வெட்டுகிறவர். ஆண்டுக்கு ஒருமுறை தீவுக்கு வருவார். ஒரு சேலை எடுப்பார், குயின் ஸ்திரீட் மகா மாரியம்மனைக் கும்பிடுவார், பேரப்பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்குவார். அதற்காக அவர் ஆறு மாதமாகக் காசு சேர்ப்பதை நான் அறிவேன்.

நடந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வண்டிகளையும் மனிதர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, அசைந்து அசைந்து போகும் பழைய இரண்டடுக்குப் படகுகள் ஓடிய காலம். பெர்ரி என்றுதானே நாம் சொல்வோம்? அதில் தீவுக்குப் போகும்போதுதான் காசு. திரும்பும்போது கேட்க மாட்டார்கள். "போறதுக்குக் காசு, வர்றதுக்குச் சும்மா. வெள்ளைக்காரன் போட்ட கணக்கா, நம்ம ஆளு போட்ட கணக்கா?" என்று அத்தை ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் சிரிப்போம்.

மணி 6 இருக்கும். வானம் கறுத்தது. துறைமுகக் கரைக்கு நாங்கள் ஓடி வந்து சேர்வதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. எதிர்க்கரை பட்டர்வொர்த் மறைந்து போயிற்று. மின்னல் வெட்டும்போது மட்டும் கடல் தெரிந்தது. படகைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். அது சரியான செயல்தான். எதிரே வருகிற கப்பல் கண்ணுக்குத் தெரியாத மழையில் நூற்றுக்கணக்கான உயிர்களை ஏற்றிக்கொண்டு யார் புறப்படுவார்கள்? காத்திருந்தோம். குழந்தை அழுதது. கொண்டு வந்த பால் தீர்ந்தது. மழை விட்டு, கூட்டத்தில் இடம் பிடித்து, அக்கரையில் இறங்கியபோது மணி 9 ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து உள்சாலைக்குப் போகும் கடைசிப் பஸ் எட்டரைக்கே போய்விட்டதாம்.

பஸ் நிலையத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வேன்காரர் 60 வெள்ளி கேட்டார். அத்தை எடுத்த சேலையின் விலை 55 வெள்ளி. நான்தான் கொடுத்தேன், ஆனாலும் அந்தக் கணக்கு எல்லார் மனத்திலும் ஓடியது. தோட்டத்தை அடைந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் காலை அத்தை கண் விழிக்கவில்லை. பெரட்டு முடிந்துவிட்டது. அந்த நாள் சம்பளம் போயிற்று.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மாலையில் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "வாத்தியார் தம்பி, கடைசிப் பஸ் எத்தனை மணின்னு நீங்க கேட்டுக்கலியா?"

நான் கேட்டுக்கொள்ளவில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். பிள்ளைகளுக்குக் காலமும் தூரமும் கணக்குப் போடக் கற்றுக் கொடுக்கிறவன். புறப்படும் பஸ்ஸின் நேரம் கேட்டேன், படகின் நேரம் கேட்டேன், திரும்பும் கடைசிப் பஸ்ஸின் நேரம் மட்டும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, வண்டி தாமதமாவதைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினேன். அதில் நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாமதம் எல்லாருக்கும் ஒரே அளவு அல்ல. கார் வைத்திருப்பவருக்கு அரை மணித் தாமதம் அரை மணிதான். தோட்டத்திலிருந்து வருகிறவர் ஒரு பஸ், அதன்பின் ஒரு ரயில் அல்லது இன்னொரு பஸ், பிறகு படகு என்று மூன்று வண்டி மாற வேண்டும். நடுவில் ஒன்று 20 நிமிடம் பிந்தினால் அடுத்தது போய்விடும். அடுத்தது மணிக்கு ஒன்று என்றால் 20 நிமிடம் 60 நிமிடமாகும். அதுவே அன்றைய கடைசி வண்டியானால் விடியும்வரை ஆகும். என் வகுப்பில் இந்தக் கணக்கை நான் இப்போது கரும்பலகையில் போடுகிறேன். பாடப் புத்தகத்தில் இல்லைதான்.

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருப்பது சிறிய கடல். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பெர்ரி ஓடுகிறது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரையில் வண்டி எதுவானாலும் படகில் ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும். பண்டிகை நாளில் லாரிகளும் கார்களும் மைல் கணக்கில் நின்றதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டாவது பாலம் 2014இல் பத்து காவானிலிருந்து வந்தது. பாலங்கள் வந்த பிறகு கார்க்காரர்களுக்கு வழி மூன்றாயிற்று. நடந்து வருகிற நமக்கோ படகே பெரும்பாலும் ஒரே வழியாக நின்றது.

படகுத் துறையில் காத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது 1988 ஜூலை 31ஐ மறக்கக் கூடாது. அன்று தீவிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் சமய விழாக்கள். பட்டர்வொர்த்தில் இருந்த சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறையின் மேல்தளத்தில் போகிறவர்களும் வருகிறவர்களுமாக ஜனம் நிரம்பி வழிந்தது. மாலையில் அந்தத் தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். 1,600க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். எனக்கு அப்போது வயது சிறிது. தோட்டத்து வீடுகளில் வானொலியைச் சுற்றி ஆட்கள் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

நான் இதை பயமுறுத்த எழுதவில்லை. விழா நாளில் துறையோ நிலையமோ நெரிந்து கிடக்கக் கண்டால் உள்ளே நுழையாதீர்கள், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வெளியே நிற்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து துறைக்கு நடந்தே 10, 15 நிமிடம்தான். கோயில் வாசலிலோ கடையிலோ உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு, நெரிசல் குறைந்தபின் போகலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்த் திரும்பும் கூட்டத்தில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முண்டியடிக்கும் தகப்பன்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும். முதல் படகில் ஏறியவரும் மூன்றாம் படகில் ஏறியவரும் கொஞ்ச நேர வித்தியாசத்தில் அக்கரை சேர்ந்துவிடுவார்கள்.

அந்தப் பழைய படகுகள் 2020 டிசம்பர் 31உடன் ஓய்வு பெற்றன. கடைசி நாட்களில் அவற்றில் ஏறிப் பார்க்க ஊரே திரண்டது. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு விரைவுப் படகுகள் விட்டார்கள். தீவுப் பக்கத் துறையைச் சீர்படுத்திய காலத்தில் அவை சுவெட்டன்ஹாம் துறையில் ஆள் இறக்கின. பழைய துறையையே மனத்தில் வைத்திருந்த கிழவர்கள் தடுமாறிப் போனார்கள். பிறகு 2023 ஆகஸ்டில் நான்கு புதிய படகுகள் வந்தன. காற்றுப்பதனம் உண்டு, 10, 15 நிமிடத்தில் அக்கரை. மனிதர்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏறலாம், கார் ஏறாது. மாற்றம் நல்லதே. ஆனால் இந்த ஊர்க் கதையில் ஒரு பாடம் உண்டு. நமக்குத் தெரிந்த துறையும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். போன தீபாவளிக்குத் தெரிந்துகொண்ட நேரத்தை நம்பி இந்தத் தீபாவளிக்குப் புறப்படக் கூடாது. துறையில் இறங்கியவுடன், கடைத்தெருப் பக்கம் திரும்புவதற்கு முன், அங்கே ஒட்டியிருக்கும் நேரப் பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் கூட வரும் பள்ளிப்பிள்ளை படித்துச் சொல்லட்டும். படிப்பு வேறெதற்கு?

இனி, தாமதம் ஏன் பெருகுகிறது என்ற விஷயம். இது எனக்கே வியப்பாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ் ஏதோ காரணத்தால் 4 நிமிடம் பிந்துகிறது. அந்த 4 நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க நேரம் ஆகிறது. பஸ் இன்னும் பிந்துகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். இப்படியே முதல் பஸ் நிரம்பி வழிந்துகொண்டு போகும். அதன் பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற்ற ஆள் இல்லை, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். வெகுநேரம் ஒரு பஸ்ஸும் காணாமல், பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வருவதன் இரகசியம் இதுதான். ஓட்டுநர்கள் கூடிப் பேசிக்கொண்டு செய்கிற சூழ்ச்சி அல்ல. நகர ரயிலுக்கும் இதே கதைதான். ஆகையால் அடிக்கடி ஓடும் தடத்தில், பிந்தி வந்த முதல் வண்டியில் தொங்காதீர்கள். பின்னால் வருவது பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆனால் மணிக்கு ஒன்று ஓடும் நம் தோட்டப் பக்கத்துப் பஸ்ஸுக்கு இந்த விதி பொருந்தாது. அதில் எப்படியாவது ஏறிவிடுங்கள்!

நகர ரயில் என்றேன். பினாங்கில் இன்னும் அது ஓடவில்லை. மியூட்டியாரா தடம் என்ற ரயிலுக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தீவின் தெற்கிலிருந்து கொம்தார் வழியாக வந்து, கடலைக் கடந்து பட்டர்வொர்த் சேருமாம். 2031 வாக்கில் முடிக்கத் திட்டம். அது வந்தால் இன்று பாலர் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு அதில் போகலாம். ஆனால் அதற்கு முன்பே நம் பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பூமிக்குக் கீழே ஓடும் ரயிலில் தினம் ஏறுகிறார்கள். லயத்தில் இருக்கும் தாய்க்கு அது எப்படிப்பட்ட வண்டி என்று தெரியாது. "சுரங்கத்துல ரயில் நின்னுபோச்சாம்" என்று செய்தி வந்தால் சோறு இறங்காது. எனவே அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடம் 1998இல் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத ரயில், கணினியே ஓட்டுகிறது. பெரும்பகுதி தூண்கள் மேல் போகிறது. மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து அம்பாங் பார்க் வரையில் பூமிக்குக் கீழே போகிறது. 2021 மே 24 இரவு, கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் இடையே சுரங்கத்துக்குள், பயணிகளோடு வந்த ரயிலும் ஆளில்லாமல் கையால் ஓட்டி வந்த ரயிலும் மோதிக்கொண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அடுத்த ஆண்டு, 2022 நவம்பர் 9 முதல், ரயிலைத் தானாக இயக்கும் கருவியில் கோளாறு என்று கிளானா ஜெயாவிலிருந்து அம்பாங் பார்க் வரை 16 நிலையங்களைச் சில நாள் மூடினார்கள். பதிலுக்கு இலவசப் பஸ்கள் விட்டார்கள். பொதுத்தேர்தலுக்குப் பத்து நாள் இருந்த நேரம். நகரமே சாலைக்கு வந்துவிட்டது. ரயிலில் போகும் கூட்டம் எவ்வளவு, பஸ்ஸில் அடங்குவது எவ்வளவு என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் 2011 டிசம்பர் 15 மாலை, வடக்குத் தெற்குத் தடத்தில் ரயில்கள் நின்றுபோயின. ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பேருக்குத் தடங்கல். சுரங்கத்தில் நின்ற ரயிலில் விளக்கும் காற்றும் குறைந்துபோக, ஒருவர் தீயணைக்கும் கருவியால் கண்ணாடியை உடைத்துவிட்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மூச்சு முட்டும்போது மனிதன் என்ன செய்வான்? ஆனாலும் விவரம் அறிந்தவர்கள் சொல்வது ஒன்றுதான். வண்டியை விட்டுத் தாமாக இறங்கக் கூடாது. தண்டவாளத்தின் ஓரத்தில் ரயிலுக்குச் சக்தி கொடுக்கும் மின்சாரக் கம்பி ஓடுகிறது. கிளானா ஜெயா தடத்தில் அது 750 வோல்ட். நின்ற ரயில் செத்த ரயில் அல்ல. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விளக்கோடு ஆள் வந்து அழைத்துப் போகும் வரையில் உள்ளே இருப்பதே உயிருக்குக் காப்பு. கதவருகில் அதிகாரியோடு பேசும் பொத்தான் இருக்கும். மயக்கம் போட்டவர் உண்டா, கர்ப்பிணி உண்டா என்று அதில் சொல்லலாம். முன்னால் ஒரு ரயில் இருந்தால் பின்னது இடைவெளி விட்டு நின்றே ஆக வேண்டும். ஆகவே சுரங்கத்தில் இரண்டு மூன்று நிமிடம் நிற்பது பெரும்பாலும் விபத்தல்ல, விபத்தைத் தவிர்ப்பது.

லயத்தில் இருக்கும் அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் பிள்ளையை நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைக்காதீர்கள். கைபேசியின் மின்சாரம் தீர்ந்துவிடும். பிள்ளைகளே, "அம்மா, ரயில் நிக்குது, நான் நல்லா இருக்கேன், பிந்தி வருவேன்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டு, கைபேசியை மூடி வையுங்கள்.

பிந்திப் போனால் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதற்கென்ன செய்வது? இதில் வெளிநாட்டுப் பழக்கம் ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. ஜப்பானில் ரயில் பிந்தினால் நிலையத்திலேயே ஒரு துண்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். இன்ன தேதி, இத்தனை நிமிடம் தாமதம் என்று அதில் இருக்கும். தொழிலாளி முதலாளியிடமும், மாணவன் ஆசிரியரிடமும் அதைக் காட்டினால் போதும். இலண்டன் நகரச் சுரங்க ரயிலில், நிறுவனத்தின் தவறால் 15 நிமிடம் அல்லது அதற்கு மேல் பிந்தினால் பயணக் காசைத் திரும்பக் கேட்கலாம். நம் ஊரில் சீட்டு வராவிட்டாலும் சான்று வைத்துக்கொள்ள வழி உண்டு. தாமதம் பற்றி நிலையத்தில் காட்டும் அறிவிப்பைக் கைபேசியில் படம் பிடியுங்கள். அதில் நேரமும் பதியும். நிறுவனம் வெளியிடும் அறிவிப்பையும் சேமித்து வையுங்கள். "ரயில் லேட்டு" என்று வாயால் சொல்வதற்கும், கையில் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி இப்படிச் செய்துதான் தன் மேலாளரிடம் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டாள். அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது, நான் அவளுக்குச் சொன்னதல்ல.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. புது வேலை, புது வீடு என்று மாறினால், முதல் ஞாயிற்றுக்கிழமையே ரயில் இல்லாமல் எந்தப் பஸ்ஸில் போகலாம் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவாள். அவசர நாளில் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டாள்.

மறுபடியும் நம் லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். அத்தையின் சேலைக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் சில வழக்கங்கள் வந்தன. யாரும் உத்தரவு போடவில்லை, தானாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை வரை தீவில் தங்குவதில்லை. போனால் சனிக்கிழமை, அல்லது ஞாயிறு விடியலில் போய்ப் பகல் 2 மணிக்குப் படகேறிவிடுவது. ஐப்பசி மழை மாலையில்தான் கொட்டுகிறது என்று நமக்குத் தெரியாதா என்ன? திரும்பும் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனி முடிச்சில் பெண்கள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான சேலையைக் கண்டாலும் அந்த முடிச்சு அவிழாது. படகு நின்றுபோனால் பாலம் வழியாக வாடகைக் கார் பிடிக்க, நான்கு பேர் சேர்ந்து அந்த முடிச்சுகளை அவிழ்த்தால் போதும். கூட்டத்தில் பிரிந்துபோனால் மணிக்கூண்டின் கீழ் வந்து நிற்பது என்று பேச்சு. நீரிழிவுக்காரர்கள் மாலை மாத்திரையையும் ரொட்டியையும் பையில் எடுத்து வருகிறார்கள். இது பெரிய விஷயம். ஒருமுறை மாத்திரை வீட்டில் இருந்துவிட, படகுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் மயங்கியதைக் கண்டிருக்கிறேன். தீவின் பெரிய மருத்துவமனைக்கு நாள் குறித்துக் கொடுத்தவர்கள் அன்றைய முதல் படகையே பிடிக்க வேண்டும். இரண்டாவது படகை நம்பி அந்த நாளைத் தவறவிட்டால், மறுநாள் கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் செய்தோம். தோட்டத்து வேன்காரர் இருவரின் எண்களை எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரவில் கூப்பிட்டால் வருவார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். இரவு 9 மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்று பேரம் பேசுகிறவனுக்கும், பகலில் தோட்டத்துக் கடையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவனுக்கும் கிடைக்கும் விலை ஒன்றல்ல. எங்களுக்கு 60 வெள்ளி ஆன தூரம், அப்படிப் பேசியபோது 35க்குப் படிந்தது.

சென்ற தீபாவளிக்கும் போனோம். அத்தைக்கு இப்போது 70 வயதுக்கு மேல், மரம் வெட்டுவதை விட்டுப் பல ஆண்டாகிறது. அன்று கைக்குழந்தையாக இருந்த பேரன் உயரமாக வளர்ந்து, பிறையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போகிறான். அவன்தான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு புதிய படகில் ஏற்றினான். காற்றுப்பதனம் அத்தைக்குக் குளிர்ந்தது. சேலைத் தலைப்பைக் காதோடு போர்த்திக்கொண்டு, கண்ணாடி வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். தீவில் இறங்கியதும் நாங்கள் கடைத்தெருப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். அத்தை மட்டும் நகரவில்லை. நேரப் பலகையின் முன் போய் நின்றுகொண்டார்.

"டேய், படிச்சுச் சொல்லுடா. வாத்தியார் தம்பி, அந்தப் பக்கம் கடைசிப் பஸ் எத்தனை மணி?"

சொன்னேன். அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப ரெண்டரைக்குள்ள கடையெல்லாம் முடிச்சிரணும்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னே நடந்தார்.